முகம் தெரியாத அந்த இசைக் கூட்டாளிகளை ஏன் மறக்க முடியவில்லை?

கேள்வி: 25, 30 வருடங்களுக்கு முன் ஓர் இசைக்குழுவின் ரசிகர்களாக இணையத்தில் ஒன்று சேர்ந்தோம். பல நாடுகளில் சிதறிக் கிடந்த சின்னக் கூட்டம். பாதிப் பேரின் உண்மைப் பெயர்கூடத் தெரியாது. கூட்டம் எப்போதோ கலைந்துவிட்டது. அப்புறம் எத்தனையோ நண்பர்கள் வந்தார்கள். ஆனாலும் அந்தப் பாட்டுகளைக் கேட்டால் அவர்கள் ஞாபகம்தான் முதலில் வருகிறது. அது உண்மையான நட்புதானா, இல்லை என் இளமைக்காகத்தான் ஏங்குகிறேனா? இப்போது அவர்களைத் தேடிப் போகலாமா?

பதில்: உண்மையான நட்புதான். இளமை ஏக்கமும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும், மறுக்க மாட்டேன். ஆனால் நான் பார்த்த வரையில், இப்படிப்பட்ட கூட்டங்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் வேறொன்றுக்காக ஏங்குகிறார்கள்: சேர்ந்து செய்த வேலைக்காக. அன்றைக்கு ஓர் இசைக்குழுவின் ரசிகராக இருப்பதே ஒரு வேலையாக இருந்தது. தனி ஆளால் முடியாத வேலை. அதுதான் உங்களை நண்பர்களாக்கியது. பாட்டு அதற்கு ஒரு சாக்கு என்றுகூடச் சொல்வேன். மின்னஞ்சல் வழியே எல்லோரும் பேசிக்கொள்ளும் ஒரு மடற்குழுவைச் சில காலம் நடத்தும் பொறுப்பில் இருந்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் உரிமையோடே சொல்கிறேன்.

இளமை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கைச் சம்பவங்களைச் சொல்லச் சொன்னால், சுமார் 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில் நடந்தவையே அளவுக்கு மீறிக் குவிந்து வருகின்றன. நினைவை ஆராய்பவர்கள் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். பாட்டும் அப்படித்தான், அந்த வயதில் கேட்டது ஒட்டிக்கொள்வதுபோல் பிற்பாடு கேட்டது ஒட்டுவதில்லை. சரி, ஒப்புக்கொள்வோம். ஆனால் அதே வயதில் உங்களோடு படித்தவர்கள் இருந்தார்களே, பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் இருந்தார்களே. அந்தப் பாட்டைக் கேட்டால் அவர்கள் ஏன் முதலில் வரவில்லை? வயது மட்டும்தான் காரணம் என்றால் எல்லோரும் அல்லவா வரிசை கட்டி வர வேண்டும்?

இணையத்தில் முதன்முதலில் கூட்டம் சேர்த்தவர்களில் இசை ரசிகர்களுக்கு முன்வரிசை இடம் உண்டு. இன்று நாம் வலை என்று சொல்லும் வேர்ல்டு வைட் வெப் பிறப்பதற்கு முன்பே, 1985-இல், பாடகி கேட் புஷ்ஷின் ரசிகர்களுக்காக லவ்-ஹவுண்ட்ஸ் என்ற மடற்குழு தொடங்கிவிட்டது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் ஸ்டூவர்ட் பிராண்டும் லாரி பிரில்லியன்ட்டும் தி வெல் என்ற இணைப்புச் சேவையைத் தொடங்கினார்கள். தொலைபேசி வழியாக உள்ளே போய், இருக்கும் நேரத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டிய இடம் அது. அந்த வருமானத்தில் பெரும்பங்கு கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் ரசிகர்களிடமிருந்து வந்தது. அந்தக் குழுவுக்குப் பாட்டெழுதிய ஜான் பெர்ரி பார்லோ இணையத்துக்குப் பழகியதும் அங்கேதான். பின்னாளில், 1990-இல், மிட்ச் கேப்பரோடும் ஜான் கில்மோரோடும் சேர்ந்து இணைய உரிமைகளுக்காக எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். பாட்டு பேசப் போன இடத்தில் எங்கெங்கோ கிளை விட்டிருக்கிறது.

இசை ரசிகர்கள் மட்டும் ஏன் இப்படி முந்திக்கொண்டார்கள்? ஆர்வம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆர்வம் சினிமா ரசிகருக்கும் இருந்தது, விளையாட்டு ரசிகருக்கும் இருந்தது. இசை ரசிகருக்கு ஒரு நெருக்கடி கூடுதலாக இருந்தது. தனக்கு வேண்டியது தன்னிடம் கிடையாது. எங்கோ இருக்கும் ஒரு முன்பின் தெரியாத மனிதரிடம் இருக்கிறது. அவரைக் கேட்காமல் வழியில்லை.

கேசட் பரிமாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிரேட்ஃபுல் டெட் தங்கள் கச்சேரிகளை ரசிகர்கள் பதிவு செய்துகொள்ள விட்டார்கள். 1984-இல் பதிவு செய்பவர்களுக்கென்றே அரங்கில் தனிப் பகுதி ஒதுக்கினார்கள். அந்தப் பதிவுகளைக் காசுக்கு விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளலாம். இதே வழக்கம் வேறு பல குழுக்களின் ரசிகர்களுக்கும் பரவியது. கேசட்டில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு முறை பிரதி எடுக்கும்போதும் இரைச்சல் ஏறும், நுணுக்கம் குறையும். மூலத்திலிருந்து எடுத்தது முதல் தலைமுறை, அதிலிருந்து எடுத்தது இரண்டாம் தலைமுறை. நான்கைந்து தலைமுறை தாண்டினால் பாடுகிறார்களா மழை பெய்கிறதா என்றே சந்தேகம் வரும். அதனால்தான் கேசட் மரம் என்ற ஏற்பாடு வந்தது. மூலப் பதிவு வைத்திருப்பவர் வேர். அவரிடமிருந்து நேரடியாகப் பெற்று மற்றவர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பவர்கள் கிளை. வாங்கிக்கொள்பவர்கள் இலை. கிளையாக இருக்க இரண்டு டெக், அதாவது கேசட்டை ஓட்டவும் பதியவும் செய்யும் கருவி, வேண்டும்; ஒரே டெக் வைத்திருப்பவர் இலையாகத்தான் இருக்க முடியும். யாருக்கு யார் அனுப்புவது என்று ஒருவர் உட்கார்ந்து பட்டியல் போட வேண்டும். இலையாக ஒட்டிக்கொண்டவர்கள் சில வருடத்தில் இன்னொரு டெக் வாங்கிக் கிளையாவதை நிறையப் பார்த்திருக்கிறேன். யாரும் கேட்டுக்கொண்டதில்லை. வாங்கிக்கொண்டே இருக்க ஒரு கட்டத்தில் கூச்சமாகிவிடும், அவ்வளவுதான்.

மாற்றிக்கொள்ளக் கையில் எதுவுமே இல்லாத புதியவருக்கும் வழி இருந்தது. வெற்றுக் கேசட்டுகளையும் திரும்ப அனுப்பத் தபால் செலவையும் அனுப்பிவைத்தால் போதும். முகவரியைக் கொடுத்து, காத்திருந்து, வராவிட்டால் என்ன செய்வது என்று தெரியாமல் நம்ப வேண்டும். ஏமாற்றியவர்களும் உண்டு. அவர்கள் பெயர் ஒரே நாளில் எல்லாக் குழுக்களிலும் சுற்றிவிடும். அதற்குப் பிறகு அந்த ஆளுக்கு ஒரு கேசட்டும் கிடைக்காது.

எனக்கு வந்த ஒரு பார்சல் இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு 90 நிமிடக் கேசட்டுகள். அட்டையில் பொடி எழுத்தில், பென்சிலால், ஒவ்வொரு பாட்டின் பெயரும் நேரமும். கீழே அந்தப் பதிவின் பூர்வீகம்: மைக் அரங்கின் இடதுபக்கத்தில், இரண்டாம் தலைமுறை, டால்பி என்ற இரைச்சல் குறைப்பு கிடையாது. கேசட்டின் ஒரு பக்கத்தில் 45 நிமிடம்தான் பிடிக்கும் என்பதால் நீளமான பாட்டு நட்டநடுவே வெட்டுப்படுவது சகஜம். இதில் ஒன்றுகூட வெட்டுப்படவில்லை. எந்தப் பாட்டு எந்தப் பக்கத்தில் அடங்கும் என்று கூட்டிப் பார்த்து, ஒன்றிரண்டை இடம் மாற்றி, மாற்றியதையும் குறித்து, மிஞ்சிய நாலு நிமிடத்தில் வேறொரு கச்சேரியிலிருந்து ஒரு சின்னப் பாட்டைப் போட்டு, அதற்கும் தேதி எழுதியிருந்தார். தரம் கெடாமல் பிரதி எடுக்க வேண்டுமென்றால் கேசட் ஓடும் வேகத்தில்தான் எடுக்க முடியும். 3 மணி நேரக் கச்சேரிக்கு 3 மணி நேரம். அந்தக் கணக்கு மனதில் ஓடியபோது எனக்கு என்னவோ போலிருந்தது. அத்தனை நேரம் உட்கார்ந்தவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்கு அப்போது தெரியாது.

பாட்டு வரிகளையும் இப்படித்தான் ஊர்கூடி எழுதினோம். ஒருவர் காதில் விழுந்தபடி எழுதி அனுப்புவார். மூன்றாவது வரியில் அந்தச் சொல் அது இல்லை என்று இன்னொருவர் கிளம்புவார். ஹெட்ஃபோனில் இடதுபக்கம் மட்டும் கேட்டுப் பாருங்கள் என்பார் ஒருவர். அந்த வட்டாரத்து உச்சரிப்புத் தெரிந்தவர் நடுவில் வந்து எல்லோரையும் குழப்புவார். வாரக்கணக்கில் அந்த மடல் வரிசை நீளும். கடைசியில் யாரோ ஒருவர் ஜப்பானில் வெளியான தட்டின் உறைக்குள் வந்த தாளில் அந்த வரி அச்சாகியிருப்பதாகச் சொல்வார். அப்பாடா என்று இருக்கும்போது, அதை அச்சிட்டவர்களும் காதால் கேட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள், அதில் வேறு நாலு பிழை இருக்கிறது என்று இன்னொருவர் போட்டு உடைப்பார். இந்த வம்பு முழுவதும் ஒரே ஒரு சொல்லுக்காக. இன்று அந்தப் பாட்டைத் திரையில் தட்டினால் வரிகள் தாளத்தோடு ஓடுகின்றன, சரியாகவும் இருக்கின்றன. ஆனால் அந்தச் சொல்லை நான் எந்தத் திரையைப் பார்த்தும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதற்காக யார் யாரோடு முட்டிக்கொண்டார்கள் என்பதோடு சேர்த்தே மண்டையில் இருக்கிறது.

பாட்டுக்கு கிட்டாரில் எந்தச் சுரங்களைச் சேர்த்து மீட்ட வேண்டும் என்று குறிப்பு எழுதியவர்களும் இந்த வகைதான். ஓல்கா என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஆன்-லைன் கிட்டார் ஆர்க்கைவ் 1992-இல் தொடங்கி, ஆயிரக்கணக்கானவர்கள் காதால் கேட்டு எழுதிய குறிப்புகளால் வளர்ந்தது. உரிமையாளர்களின் சட்ட மிரட்டலுக்குப் பிறகு 2006-இல் மூடப்பட்டது.

எம்பி3 வந்த பிறகும் கொஞ்ச காலம் இந்தப் பற்றாக்குறை நீடித்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 128 கிலோபிட் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டு ஏறக்குறைய ஒரு மெகாபைட். 56 கே மோடம் முழு வேகத்தில் ஓடினாலே 5 நிமிடப் பாட்டை இறக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். முழு வேகத்தில் அது எப்போது ஓடியது? பாதியில் யாராவது தொலைபேசியை எடுத்தால் இணைப்பு போச்சு, திரும்ப முதலிலிருந்து. அதனால், இதைக் கேட்டுப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னால் அதற்கு ஒரு கனம் இருந்தது. சொன்னவர் யார், அவர் ரசனை என்ன, போன தடவை அவர் சொன்னது எப்படி இருந்தது என்று யோசித்துத்தான் இறக்குவோம். ஒருவரை மதிப்பிட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நட்பு எப்படி உருவாகிறது என்ற ஆய்வுகளையும் இங்கே கொஞ்சம் பார்க்கலாம். ரென்ட்ஃப்ரோவும் காஸ்லிங்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களை இணையம் வழியாக ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளச் சொல்லி, என்ன பேசுகிறார்கள் என்று பார்த்தார்கள். மற்ற எதையும்விட அதிகமாக இசையைத்தான் பேசினார்கள். ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்டது இன்னொன்று. அறிமுகம் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்புக்கு வர ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பராக 200-க்கு மேல் சேர்ந்து செலவழிக்க வேண்டியிருக்கிறது என்பது அவர் கணக்கு. உங்கள் கூட்டத்தில் எத்தனை இரவு விழித்திருந்தீர்கள் என்று யோசித்தால் 200 ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அதே ஆய்வில் என் வாதத்துக்கு இடிக்கிற மாதிரி ஒன்றும் இருக்கிறது: வேலையிடத்தில் சேர்ந்து கழித்த நேரம் நெருக்கத்தைப் பெரிதாகக் கூட்டவில்லை. இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். சம்பளத்துக்காகப் பக்கத்தில் உட்கார்வது வேறு, யாரும் சொல்லாமல் ராத்திரி 2 மணிக்கு ஒருவருக்காகப் பாட்டுப் பட்டியல் தட்டச்சு செய்வது வேறு. இரண்டாவதில் ஒவ்வொரு நிமிடமும் விரும்பிக் கொடுத்தது.

அந்த வேலை எவ்வளவு பெரிதாகப் போக முடியும் என்பதற்கு மரிலியன் ரசிகர்களைச் சொல்வார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த அந்தக் குழு 1997-இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குப் பணமில்லை என்று கைவிரித்தது. ரசிகர்கள் இணையத்தில் தாங்களாகவே வசூல் செய்து 60,000 டாலர் திரட்டினார்கள். குழு பயணம் போனது. கூட்டு நிதி திரட்டல் என்பதற்கு இன்று தனித் தளங்கள் இருக்கின்றன. அன்று இருந்ததெல்லாம் மின்னஞ்சலும், பணத்தை ஒருவர் பத்திரமாக வைத்திருப்பார் என்ற நம்பிக்கையும்தான்.

இணைய நட்பு என்று பேச்செடுத்தாலே யாராவது பிசிராந்தையாரை அழைத்து வந்துவிடுவார்கள். பார்க்காமலே நட்பு, கோப்பெருஞ்சோழன், உணர்ச்சிதான் நட்பாங் கிழமை தரும், எல்லாம் சரிதான். புறநானூற்றில் அந்தப் பாட்டு, ‘கேட்டல் மாத்திரை அல்லது யாவதும் காண்டல் இல்லாது யாண்டு பல கழிய’ என்று தொடங்குவது நம் கதைக்கு அப்படியே பொருந்தும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதிக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். வடக்கிருந்த சோழன், அவர் வருவார், இடம் வையுங்கள் என்கிறான். அவரும் வந்தே விடுகிறார். சந்திப்பு வேண்டாம் என்று அந்தக் கதை எங்கேயும் சொல்லவில்லை. உங்கள் மூன்றாவது கேள்விக்கு வரும்போது இது உதவும்.

அதற்கு முன் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். எழுத்து வழியே மட்டும் பழகும்போது மனிதர்கள் நேரில் இருப்பதைவிட நல்லவர்களாகத் தெரிவார்கள். ஜோசஃப் வால்தர் என்ற ஆய்வாளர் 1996-இலேயே இதை விளக்கினார்: எழுதுபவர் தன்னில் நல்லதை மட்டும் பொறுக்கி, நேரம் எடுத்து எழுதுகிறார்; படிப்பவர் தெரியாத இடங்களைத் தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்கிறார். அவருடைய கடன், அவர் வீட்டுச் சண்டை, அவர் குறட்டை எதுவும் உங்களிடம் வரவில்லை. நம் கூட்டங்கள் ஒன்றும் சொர்க்கமும் இல்லை. பழைய ஆட்களின் அதிகாரம் சகிக்காது. புதிதாக வந்தவர் ஏற்கெனவே பேசி முடித்ததைக் கேட்டால் குதறிவிடுவார்கள். யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களில் ஒவ்வொரு செப்டம்பரிலும் கல்லூரிப் புதுமுகங்கள் வந்து குவிவதும், பழையவர்கள் தலையில் அடித்துக்கொள்வதும் வழக்கம். 1993 செப்டம்பருக்குப் பிறகு அந்த வரத்து நிற்கவே இல்லை என்று இன்றைக்கும் கேலி பேசுகிறார்கள். பெண்கள் பலர் ஆணா பெண்ணா என்று தெரியாத பெயரில்தான் எழுதினார்கள். நடத்தும் பொறுப்பில் இருந்தபோது எனக்கு வந்த தனி மடல்களைப் படித்த பிறகு அதற்கான காரணத்தை யாரிடமும் கேட்கத் தேவைப்படவில்லை. ஏக்கம் வரும்போது இதெல்லாம் ஞாபகத்திலிருந்து நைசாக நழுவிவிடும்.

அப்புறம் கூட்டம் எப்படிக் கலைந்தது? சண்டை போட்டுப் பிரிந்தவை கொஞ்சம்தான். பெரும்பாலானவை தேவை தீர்ந்ததால் கரைந்தன. 1999 ஜூனில், ஒருவர் கணினியிலிருந்து இன்னொருவர் பாட்டை நேராக இறக்கிக்கொள்ள உதவும் நாப்ஸ்டர் வந்தது. 2001 ஜூலையில் நீதிமன்றப் பிரச்சினையால் நின்றுபோனாலும் அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை, தேடினால் வந்துவிடும். யாரோ ஒருவருடைய கணினியிலிருந்துதான் வந்தது, ஆனால் அவர் யார் என்று தெரியாது, அவரும் உங்களுக்காக எதுவும் செய்யவில்லை. நன்றி சொல்ல ஆளில்லை. எங்கள் குழுவில் அந்தக் காலத்து மடல்களை வரிசையாகப் பார்த்தால் கோபமோ வருத்தமோ தெரியாது. கேள்விகள் குறைந்துகொண்டே போவது மட்டும் தெரியும்.

இடமும் ஒவ்வொன்றாகப் போனது. கல்லூரியும் அலுவலகமும் கொடுத்த மின்னஞ்சல் முகவரி, படிப்பும் வேலையும் மாறியதும் செத்துப்போனது. ரசிகர் பக்கங்கள் ஏராளமாக இருந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரில் போனது. மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் 2016-க்கு முன் ஏற்றப்பட்ட பாட்டுகளை இழந்துவிட்டதாக 2019-இல் தெரியவந்தது. சுமார் 5 கோடிப் பாட்டுகள் என்று செய்திகள் வந்தன. உடனுக்குடன் அரட்டை அடித்த சேவைகளும் போயின: ஏஐஎம் 2017-இல், யாஹூ மெசஞ்சர் 2018-இல், ஐசிக்யூ 2024-இல். நட்பை முறித்துக்கொண்டால் முறித்ததாவது ஞாபகம் இருக்கும். இங்கே யாரும் யாரையும் விட்டுப் போகவில்லை, நின்றிருந்த தரை காலி செய்யப்பட்டது. உங்கள் ஏக்கத்தில் ஆறாத ஏதோ ஒன்று இருக்கிறதென்றால் அது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இன்றைய ரசிகர் கூட்டங்களைப் பார்த்து மூக்கைச் சுளிக்கும் பழக்கம் நம் வயதுக்காரர்களுக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு பேட்டி வெளியான சில மணி நேரத்தில் அதைப் பல மொழிகளில் எழுத்தோடு போடும் கொரிய இசை ரசிகர்களைக் கவனியுங்கள். வேலையைப் பிரித்துக்கொண்டு, நேரம் குறித்துக்கொண்டு, தூங்காமல் செய்கிறார்கள். கேசட் மரத்தின் கிளைகள் இவர்கள்தான். 2020 ஜூனில் கொரியாவின் பிடிஎஸ் குழு, கறுப்பினத்தவர் உரிமைக்கான பிளாக் லைவ்ஸ் மேட்டர் இயக்கத்துக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தபோது, ரசிகர்கள் அதே தொகையை ஏறக்குறைய ஒரே நாளில் திரட்டிக் காட்டினார்கள். கேட்டுவிட்டு விருப்பக்குறி போட்டுப் போகிறவர்களுக்கு நம் மாதிரி ஞாபகங்கள் மிஞ்சாது. மொழிபெயர்க்கும் அந்தப் பிள்ளைகளுக்கு 20 வருடம் கழித்து உங்களைப் போலவே கேள்வி வரும்.

சரி, தேடலாமா? தேடுங்கள். பழைய மின்னஞ்சல் காப்பு எங்காவது குறுந்தட்டில் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேறெங்கும் இல்லாதது அதில்தான் இருக்கும். யூஸ்நெட் பழைய மடல்களைக் கூகுள் குரூப்ஸில் இன்னமும் படிக்கலாம். 2024 பிப்ரவரியோடு புதியவை சேர்வதுதான் நின்றது. மூடிப்போன பக்கங்களுக்கு, பழைய வலைப்பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின் இருக்கிறது. அதே ஆர்க்கைவில் 2002 முதல் நேரடிக் கச்சேரிப் பதிவுகளுக்கென்று ஒரு தொகுப்பு நடக்கிறது. ஒவ்வொரு பதிவோடும் யார் எடுத்தது, எந்த மைக், யார் கணினிக்கு மாற்றியது என்ற குறிப்பு இருக்கும். தொலைந்தவர்கள் என்று நினைத்த இருவரை நான் அந்தக் குறிப்புகளில்தான் கண்டுபிடித்தேன். இன்னமும் பதிவு செய்துகொண்டிருந்தார்கள்.

உண்மைப் பெயர் தெரிந்தாலும் பொதுவெளியில் போட்டுத் தேடாதீர்கள். புனைபெயரில் இருந்தவர்கள் பலர் காரணத்தோடுதான் இருந்தார்கள். தனியாக, சுருக்கமாக எழுதுங்கள். நீங்கள் யார் என்று சொல்ல ஓர் அடையாளம் போதும்: நான்தான் அந்தக் கச்சேரிக் கேசட்டுக்குத் தவறான தேதி போட்டதற்காக உங்களிடம் திட்டு வாங்கியவன் என்பது போல. சிலர் பதில் போட மாட்டார்கள். சிலருக்கு அந்தக் காலம் ஞாபகமே இருக்காது, அல்லது ஞாபகம் வைத்துக்கொள்ள விருப்பம் இருக்காது. சிலர் இறந்திருப்பார்கள்; அந்தச் செய்தியை அவர்கள் வீட்டார் வழியாகத் தெரிந்துகொள்ள நேரிடும். அப்போது அவர் உங்களுக்கு என்னவெல்லாம் அனுப்பினார் என்று எழுதி அனுப்பினால் வீட்டார் சந்தோஷப்படுவார்கள். பெரும்பாலும் அவர்களுக்கு இந்தப் பக்கம் தெரிந்தே இருக்காது.

நாலைந்து பேர் கிடைத்ததும் செய்யக் கூடாத ஒன்று உண்டு. உடனே வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கி எல்லோரையும் அதில் போடுவது. முதல் வாரம் அமர்க்களமாக இருக்கும், இரண்டாவது வாரம் பழைய படங்கள் வரும், அடுத்த மாதம் பண்டிகை வாழ்த்து மட்டும்தான் வரும். அதற்குப் பதிலாக ஒரு வேலையைக் கையில் எடுங்கள். உங்கள் எல்லோர் வீட்டிலும் அந்தக் கேசட்டுகள் பெட்டியில் இருக்கும். அவற்றைக் கணினிக்கு மாற்றுவதற்கு நாலு பேர் வேண்டும். எந்தப் பதிவு யாரிடம் எந்தத் தலைமுறையில் இருக்கிறது என்று ஒருவர் பட்டியல் போடட்டும். ஒரே கச்சேரிக்கு மூன்று பிரதி இருந்தால் தலைமுறை குறைந்ததை எடுங்கள். நல்ல டெக் வைத்திருப்பவரிடம் கேசட்டுகள் போகட்டும். உள்ளே சுழற்றும் ரப்பர் பட்டையை மாற்றிய டெக்காக இருக்க வேண்டும். பல வருடம் சும்மா கிடந்த டெக்கில் நேராகப் போட்டால் நாடாவைத் தின்றுவிடும். ஓட்டுவதற்கு முன் கேசட்டின் வாய்ப்பக்கம் நாடாவுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பஞ்சு அட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பசை காய்ந்து விழுவது சகஜம், வேறு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம். சத்தம் மந்தமாகக் கேட்டால் நாடா போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பதிவு செய்த டெக்கில் நாடாவைத் தொடும் தலை சற்றுச் சாய்ந்திருந்திருக்கும். ஓட்டும் டெக்கின் தலைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் ஓரிடத்தில் சட்டென்று தெளியும். 24 பிட்டில் பதிவு செய்து, தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாக வையுங்கள். இரைச்சலை நீக்குகிறேன் என்று இறங்க வேண்டாம்; அதில் உங்களுக்குள் பெரிய சண்டை வரும், வரட்டும், ஆனால் தொடாத மூலக் கோப்பு ஒன்று எல்லோரிடமும் இருக்கட்டும். குழு அனுமதித்த கச்சேரி என்றால் பொதுவில் ஏற்றலாம். அனுமதி இல்லாதது உங்களுக்குள் இருக்கட்டும். அட்டையின் படத்தையும் எடுத்துப் போடுங்கள், அதில் எழுதியவரின் பெயரை வெளியிடலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டு.